ஒரே எண்ணுக்குள் ஆறு பேர்!

இயற்பியல், வேதியியல் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வழக்கம் உண்டு. வாக்கியத்தின் முடிவில் [4] என்று ஒரு எண் இருக்கும். கடைசிப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தால் நாலாம் எண்ணில் ஒரு கட்டுரை இருக்காது. மூன்று, நான்கு கட்டுரைகள் அரைப்புள்ளி போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கும். இதில் எது அந்த வாக்கியத்துக்கு ஆதாரம்? படிப்பவரே கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான்!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். லேடெக்கில் [3,4,5,6] என்பதை [3–6] என்று சுருக்குவது வேறு விஷயம். டொனால்ட் அர்சனோவின் சைட் தொகுப்பு அதைத் தானாகவே செய்யும். பாட்ரிக் டேலியின் நேட்பிப்பில் ஒரு விருப்பத்தைச் சேர்த்தால் போதும். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் சொந்த எண் இருக்கிறது. இடம் மிச்சம், யாருக்கும் நஷ்டமில்லை.

சண்டை அதோடு அல்ல. பல கட்டுரைகளை ஒரே எண்ணுக்குள் அடைப்பதோடுதான். இதற்கென்றே எம்சைட் என்ற தொகுப்பு உண்டு. அமெரிக்க இயற்பியல் கழகத்தின் ரெவ்டெக் 4.1-இல், இரண்டாவது கட்டுரையின் குறிப்புப்பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக்குறி போட்டால் அது முதலாவதோடு ஒட்டிக்கொள்ளும். செய்வது அவ்வளவு சுலபம். விளைவு?

1964-ஐ எடுத்துக்கொள்ளலாம். துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பது பற்றி ஒரே ஆண்டில், ஒரே இதழில் மூன்று கட்டுரைகள் வந்தன. எங்லெர்ட், ப்ரௌட் எழுதியது ஒன்று. ஹிக்ஸ் எழுதியது ஒன்று. குரால்னிக், ஹேகன், கிப்பிள் எழுதியது ஒன்று. மூன்றும் ஒன்றல்ல. மிச்சமாக ஒரு நிறையுள்ள துகள் இருக்கும் என்று வெளிப்படையாகச் சுட்டியது ஹிக்ஸின் கட்டுரை. 2010-இல் சகுராய் பரிசு ஆறு பேருக்கும் கிடைத்தது. 2011-இல் ப்ரௌட் காலமானார். 2013-இல் நோபல் பரிசு எங்லெர்ட், ஹிக்ஸ் இருவருக்கு மட்டும்! யார் எதைச் சொன்னார் என்பது இவ்வளவு பெரிய விஷயமாக இருக்கும்போது, மூன்று கட்டுரைகளையும் [4] என்று மூட்டை கட்டினால் என்ன நியாயம்? "இந்தத் துகள் முன்பே கணிக்கப்பட்டது [4]" என்று எழுதினால், கணித்தவர் யார்?

வணிகவியல் படிக்கும் முதலாமாண்டு மாணவருக்குக்கூட இது புரியும். மூன்று பில்களுக்கு ஒரே வவுச்சர் எண் கொடுத்து, "இதர செலவுகள்" என்று எழுதினால் ஆடிட்டர் விடுவாரா? ஒவ்வொரு பதிவுக்கும் எது ஆதாரம் என்று தனித்தனியாகக் கேட்பார். ஒரு சின்னக் கடையின் கணக்குக்கு இருக்கும் ஒழுங்கு அறிவியலுக்கு வேண்டாமா?

இடம் மிச்சமாகும் என்பார்கள். அச்சில் நான்கு பக்கத்துக்குள் அடக்க வேண்டியிருந்த காலத்துக்கு அது சரி. திரையில் படிக்கும் காலத்தில் இரண்டு வரி கூடினால் குடி முழுகிப் போகாது.

ஒரே விஷயத்தைச் சொல்லும் கட்டுரைகள் சேர்ந்தே இருக்கட்டும் என்பதும் ஒரு வாதம். சேர்ந்தே இருக்கட்டும், [4–6] என்று! யார் தடுத்தார்கள்? குழுவாக்கிய பிறகு, பத்துப் பக்கம் தள்ளி அதில் ஒன்றை மட்டும் சுட்ட வேண்டி வந்தால்தான் திண்டாட்டம். பிப்லேடெக்கில் எண்ணோடு ஓர் எழுத்தையும் சேர்த்து அச்சிட வழி இருக்கிறது. ஆனால் அதை எழுதுபவர் தேடிப் பிடித்து இயக்க வேண்டும், தானாக வராது.

இதழ் கட்டாயப்படுத்தினால் வேறு வழியில்லை, எழுத்தாவது சேர்க்கலாம். கட்டாயம் இல்லாத இடத்தில் அந்த நட்சத்திரக்குறியை அழித்துவிடுவதே நேர்மை. எண்களைச் சுருக்கும் வேலையை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். மனிதர்களைச் சுருக்க வேண்டாம்!