சுரப்பி சோம்பேறியாகவில்லை, சிதைந்திருக்கிறது

தைராய்டு மாத்திரை சுரப்பியைச் சோம்பேறியாக்குகிறது என்கிறீர்கள். நிறுத்தினால் உடம்பு தானே சரிசெய்துகொள்ளுமாம். உடம்புக்கு அந்தத் திறமை உண்டு, மறுக்கவில்லை. ரத்தத்தில் தைராய்டு ஹார்மோனான தைராக்சின் குறைந்ததும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரி டி.எஸ்.எச். என்னும் தூண்டு ஹார்மோனின் சுரப்பைக் கூட்டி, கழுத்துச் சுரப்பியை முடுக்கும், போதுமானதும் தணியும். ஆனால் ஹாஷிமோட்டோ நோயில் நம் நோயெதிர்ப்பு அணுக்களே அந்தச் சுரப்பியைச் சிதைக்கின்றன. ஆணை உரக்க வருகிறது, நிறைவேற்ற ஆளில்லை. டி.எஸ்.எச். ஏறி நிற்பதன் பொருள் அதுதான்.

நிறுத்திய முதல் வாரம் நன்றாக இருந்ததென்கிறீர்கள். இருக்கும்; மாத்திரை தந்த தைராக்சின் ரத்தத்தில் பாதியாகவே ஏறத்தாழ 7 நாள் ஆகும். சோர்வும் மலச்சிக்கலும் பிறகுதான் வரும். கர்ப்பிணி ஒருத்தி இதை நம்பி நிறுத்தினால்? முதல் 3 மாதம் சிசுவின் மூளை வளர்வது தாயின் தைராக்சினைக் கொண்டுதான். அவளுக்காகவாவது அந்த யோசனையைத் திரும்பப் பெறுங்கள்.