நாய்க்குக் கிடைத்த மரியாதை

அஸ்தம்பட்டியில் எங்கள் வட்டாரத்துக்காரர்கள் சிலர் கல்லறைத் தோட்டத்தில் ஒரு நினைவு பெஞ்ச் போடலாம் என்கிறார்கள். ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து இங்கே அடக்கமானவர்களுக்காக. பெஞ்ச் வேண்டாம் என்று யார் சொன்னது? கல்லறைக்கு வருகிற வயதான அம்மாக்கள் வெயிலில் நிற்பதைவிட உட்காரட்டுமே. என் சண்டை அதில் பொறிக்கப்போகும் வாசகத்தோடுதான். ‘தேசம் காத்த அனைத்து வீரர்களுக்கும்’. கீழே, இதைவிடப் பெரிய எழுத்தில், ‘உபயம்: இன்னார்’.

அந்த ‘அனைத்து’ சுத்த சோம்பேறித்தனம். யாரையும் தேட வேண்டாம், எந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம், ஒரே சொல்லில் கணக்கு தீர்ந்தது. கோயில் டியூப்லைட்டின் வெளிச்சத்தையே மறைக்கிற மாதிரி கொடுத்தவர் பேரை எழுதுகிற ஊர்தானே நம்முடையது. பெஞ்ச் கொடுத்தவருக்குப் பேர் உண்டு, பட்டாளத்துக்குப் போனவருக்குக் கிடையாது.

இதையே பெரிய அளவில் நமக்குச் செய்துகாட்டியவர்கள் உண்டு. முதல் உலகப் போரில் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்காக 1929இல் பாஸ்ராவில் பிரிட்டிஷார் நினைவுச்சின்னம் திறந்தார்கள். 40,000 பேருக்கு மேல், பெரும்பாலோர் இந்தியர்கள். அதிகாரிகளின் பெயர்களைக் கல்லில் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களுக்கு, அந்தந்தப் படைப்பிரிவின் கீழ் எத்தனை பேர் என்கிற எண்ணிக்கை மட்டும். இந்தியர்கள், ஆப்பிரிக்கர்கள் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமாக நினைவுகூரப்படவில்லை, அதற்கு இனப்பாகுபாடும் காரணம் என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல்தான் ஒப்புக்கொண்டது.

முடியாமல் விட்டார்களா? சென்னை நந்தம்பாக்கத்துக்குப் போய்ப் பாருங்கள். தெற்கிலும் கிழக்கிலும் பல ஊர்களில் பராமரிப்பு நிச்சயமில்லாமல் கிடந்த இரண்டாம் உலகப் போர்க் கல்லறைகளைத் தேடி எடுத்துவந்து, 1952இல் இதே ஆணையம் அமைத்த இடம் அது. 850க்கு மேற்பட்ட கல்லறைகள். பின்பக்கச் சுவரில் முதல் உலகப் போர்க்காலத்தில் இறந்த இன்னும் ஆயிரம் பேரின் பெயர்கள். தேட வேண்டும் என்று நினைத்தபோது தேடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரனை விடுங்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம், 7ஆம் நூற்றாண்டு. செத்த வீரன் பேர் கருந்தேவக்கத்தி என்று அதில் எழுதியிருக்கிறது. கூடவே அவன் நாயின் பேரும்: கோவிவன். கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற நாய். உளியைத் தவிர வேறெதுவும் இல்லாத காலத்தில் ஒரு நாயின் பேரைக் கல்லில் வெட்ட நேரம் இருந்திருக்கிறது.

நம்மிடம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. தேவாலயத்தில் அடக்கப் பதிவேடு இருக்கிறது. குடும்பங்கள் இரண்டு தெரு தள்ளி இருக்கின்றன. ‘நிறையப் பேர் வருமே’ என்றார் ஒருவர். வரட்டும், பலகையை நீளமாகப் போடுங்கள், கடைசியில் காலி இடம் விடுங்கள். ‘கியூஆர் கோடு ஒட்டிடலாம் ப்ரோ’ என்றார் இன்னொருவர். சாஃப்ட்வேர்க்காரன் சொல்கிறேன், அந்த டொமைனைப் புதுப்பிக்க மூன்றாவது வருஷம் ஒருத்தரும் பணம் கட்ட மாட்டார்கள். அப்புறம் அந்தக் கட்டம் எதையும் திறக்காது. கிரானைட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை.

உபயதாரர் பேர் வேண்டுமென்றால் பெஞ்சின் அடிப்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்துக்கு டிசைன் எதுவும் கொண்டுவராதீர்கள். பட்டியலோடு வாருங்கள்.