இந்த வாரத்தின் சிறந்த காமிக்ஸ் எது? பிள்ளை சொல்லட்டும்!



"சார், பையனுக்கு வாரம் ஒரு காமிக்ஸ் வாங்கித் தரலாம்னு இருக்கோம். எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். கேட்பதே மகிழ்ச்சி. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நானும் இல்லை, நீங்களும் இல்லை. படிக்கப்போகிற பிள்ளைதான்.

ஜப்பானில் 1968-இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' என்ற சிறுவர் இதழ் இன்று வார இதழ். பிடித்த மூன்று தொடர்களை வாசகர்கள் அஞ்சலட்டையில் குறித்து அனுப்புவது அதில் நெடுநாள் வழக்கம். வாக்குக் குறைந்தால் தொடரையே நிறுத்திவிடுவார்கள். இலட்சக்கணக்கில் விற்கும் இதழே சிறுவர் கருத்தை மதிக்கிறது. நாம் வீட்டில் மதிக்கக் கூடாதா?

பெற்றோர் முதலில் தேடுவது நீதியை. 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகச் சிவகாசியிலிருந்து வந்த 'இரும்புக்கை மாயாவி'யில் என்ன பெரிய நீதி? மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவார், இரும்புக்கை மட்டும் தெரியும். அவ்வளவுதான்! அடுத்த பக்கத்தில் என்ன ஆகும் என்ற துடிப்பிலேயே எத்தனையோ பேர் சரளமாகத் தமிழ் வாசிக்கப் பழகினார்கள்.

"படம் பார்ப்பது படிப்பாகுமா?" என்பீர்கள். ஒரு கட்டத்தில் வீரன் கையை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் எதிரி தரையில் கிடக்கிறான். இடையில் நடந்ததை யாரும் வரையவில்லை. அதைப் பிள்ளையின் மனம்தான் வரைகிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்குப் படம் கைப்பிடிச் சுவர் மாதிரி.

உங்கள் வேலை இரண்டுதான். வயதுக்கு ஒவ்வாத இரத்தமும் வக்கிரமும் உள்ளதை விலக்குங்கள். மற்றதைப் பிள்ளை பார்த்து எடுக்கட்டும். மட்டமான கதையை எடுத்துவிட்டால்? எடுக்கட்டும்! ஏமாந்த பிள்ளை அடுத்த வாரம் நாலு பக்கம் புரட்டிப் பார்த்து வாங்கும்.

வாரக் கடைசியில் ஒரே கேள்வி கேளுங்கள்: "படித்ததில் எதற்கு முதலிடம்? ஏன்?" "நல்லா இருக்கு" என்றால் விடாதீர்கள், பிடித்த பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குமேல் சொற்பொருள், எழுத்துப்பிழை என்று தேர்வு வைத்தால் அதோடு காமிக்ஸும் பாடப்புத்தகமாகிவிடும்.

தமிழ் நன்றாகப் பேசி, தமிழ் எழுத்தைக் கண்டால் மட்டும் தாத்தாவிடம் நீட்டும் பேரப்பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகிவிட்டார்கள். அவர்களை எழுத்துக்குள் அழைத்துவர இன்னும் திறந்திருக்கும் கதவு இது. அதிலும் நாம் காவலுக்கு நிற்க வேண்டாம்.

வரும் ஞாயிறு உங்கள் வீட்டுப் பிள்ளையின் முதலிடம் எதற்கு, ஏன் என்று கீழே எழுதுங்கள். பிள்ளை சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், திருத்தாதீர்கள்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்