எந்த ஊரு, எந்தத் தெரு?

பட்டணத்துல இருக்குற நண்பர்கள் போன் பண்ணினா தவறாம ஒண்ணு சொல்லுவாங்க. "உங்க பக்கம் இன்னும் மனுசங்க இருக்காங்க. சென்னையில யாரு என்னன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." நான் 'ம்' போட்டுட்டு முருங்கைக்காய் விலைக்குப் பேச்சை மாத்திடுவேன். இன்னிக்கு எழுதிடலாம்னு உக்காந்திருக்கேன்.

எனக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். இந்தப் பக்கம் போனா மதுரை, அந்தப் பக்கம் போனா கோயம்புத்தூர். பழனி தாண்டி உடுமலை வந்துட்டா பஸ்ஸுக்குள்ள பேச்சுல 'ங்க' ஏறிக்கும். ஒரே நாள் தூரத்துக்குள்ள இருக்குற ரெண்டு ஊரு; குணம் மட்டும் ஒட்டவே ஒட்டாது.

மதுரைக்கு நான் அதிகமாப் போனது காய் லோடோடதான். ராத்திரி ரெண்டு மணிக்கு மாட்டுத்தாவணியில இறங்கினா டீக்கடையில பாட்டு ஓடும், பக்கத்துல இட்லி வேகும். மீனாட்சி கோயிலைச் சுத்தி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசின்னு மாசப் பேர்ல வீதி வச்சிருக்கிற ஊரு. திருவிழாவுக்கு முழிச்சு முழிச்சே தூக்கம் மறந்திருக்கும்னு எனக்கு ஒரு நினைப்பு. அங்க வழி கேட்டா கையைக் காட்டிட்டு நிக்க மாட்டாங்க. "வாங்கண்ணே, நானும் அந்தப் பக்கந்தான்"னு கூடவே நடந்து வருவாங்க. நாலு எட்டு வச்சதும் "அண்ணனுக்கு எந்த ஊரு?" சொன்னா, "அங்க எங்கிட்டு? எந்தத் தெரு?"

இந்த ரெண்டாவது கேள்விக்கு அர்த்தம் கிராமத்துல வளந்த எல்லாருக்கும் தெரியும். தெருப் பேரைச் சொன்னா சாதியைச் சொன்ன மாதிரி. என் பதிலைக் கேட்டுக் குரல் இன்னும் கனிஞ்சவங்களும் உண்டு, "சரி, அப்படியே நேரா போங்க"ன்னு பாதியில திரும்பினவங்களும் உண்டு. மதுரையைக் குத்தம் சொல்லல. எங்க ஊர்ல இது இன்னும் அதிகம். கூட நடந்து வர்ற அந்தப் பாசமும் இந்தக் கேள்வியும் ஒரே வேர்ல முளைச்சதுதான்.

கோயம்புத்தூர் வேற மாதிரி. உள்ளூர்ல ரெண்டு தடவை காயில் கட்டியும் புகைஞ்சுபோன போர் மோட்டாரைத் தூக்கிட்டு அங்க போனேன். கிணத்துப் பாசனத்துல பம்பு செஞ்சு வளந்த ஊராச்சே. பட்டறைக்காரர் என் பேரைக்கூடக் கேக்கல. "போர் எத்தனை அடிங்க? ஸ்டார்ட்டர் எவ்வளவு தூரத்துல இருக்குதுங்க? கேபிள் என்ன சைஸுங்க?" பத்து நிமிசம் இதே விசாரணை. கடைசியில, "மோட்டார்ல தப்பில்லீங்க. கேபிள் சின்னதுங்க, அத்தனை தூரத்துக்கு வோல்டேஜ் எறங்கிப் போயிருமுங்க"ன்னாரு. கேபிளை மாத்தினேன். இன்னிக்கு வரைக்கும் ஓடுது. மரியாதை ஏகத்துக்கும் உண்டு, ஆனா வாசப்படி தாண்டி வராது. அதுவும் ஒரு நிம்மதிதான்.

சென்னைக்கு நான் ஊர் சுத்திப் பாக்கப் போனதில்ல. அப்பாவுக்கு இதய ஆபரேஷன்னு போனேன். அப்ப பஸ் கோயம்பேடு வரைக்கும் போகும். இப்ப கிளாம்பாக்கத்துலயே எறக்கி விட்டுடறாங்க, ஆஸ்பத்திரிக்கு வர்ற வயசானவங்க பாடு தனிக்கதை. விடியக்காலையில வழி கேட்டா ஒருத்தரும் மூஞ்சியைப் பாக்கல. நடந்துக்கிட்டே "லெஃப்ட்ல போய் ரைட்டு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டே இருந்தாங்க. என்ன ஊருடா இதுன்னு மனசுக்குள்ள திட்டினேன்.

மறுநாள் ரத்தம் குடுக்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. எனக்கு அங்க யாரையும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசல்ல இருந்த ஆட்டோக்காரர்கிட்ட சொன்னேன். அவர் யாருக்கோ போன் போட்டாரு. ஒரு மணி நேரத்துல ரெண்டு பசங்க வந்தாங்க. ஒருத்தன் கையில ஹெல்மெட், ஒருத்தன் தோள்ல ஆபீஸ் பை. குடுத்துட்டு வெளிய வந்தவங்களை டீ சாப்பிடக் கூப்பிட்டேன். "இல்ல அங்கிள், டைம் ஆச்சு"ன்னு கிளம்பிட்டாங்க. பேர் கேக்கக்கூட விடல. எங்க அப்பா யாரு, எந்த ஊரு, எந்தத் தெருன்னு அவங்களும் கேக்கல. எங்க ஊர்லன்னா ரத்தம் குடுக்க ஆள் வந்திருக்கும், நிச்சயமா வந்திருக்கும். ஆனா வந்தவன் எந்தத் தெருன்னு பாத்து முணுமுணுக்கவும் எங்க வீட்டுலயே ஆள் இருந்திருக்கும். அப்பாவே முணுமுணுத்திருப்பாரு.

சென்னை அப்பழுக்கில்லாததுன்னு சொல்ல வரல. வாடகைக்கு வீடு தேடிப் போனா அங்கயும் சுத்தி வளைச்சுக் கேக்குறாங்கன்னு என் தம்பி மகன் சொல்றான். ஆனா ரோட்டுல, பஸ்ஸுல, ஆஸ்பத்திரி வாசல்ல அந்த ஊருக்கு அதைக் கேக்க நேரமில்ல. நீங்க 'மனுசத்தனம் இல்ல'ன்னு சொல்ற அந்த அவசரத்துலதான் நான் ஒரு வாரம் யாருக்கும் பதில் சொல்லாம நடமாடினேன்.

போன மாசம் கூரியர் கொண்டுவந்த பையன் ஒருத்தன் எங்க தோட்டத்து முக்குல வண்டியை நிறுத்தி வழி கேட்டான். சொன்னேன். பழக்க தோசம், "தம்பிக்கு எந்த ஊரு?"ன்னும் கேட்டேன். பக்கத்து ஊர்ப் பேரைச் சொன்னான். "அங்க எந்..." வரைக்கும் வாய் போயிடுச்சு. அவன் ஹெல்மெட்டைக் கழட்டாம என்னையே பாத்துக்கிட்டு நின்னான்.

"அங்க எந்த அளவுக்கு மழை?"ன்னு கேட்டு முடிச்சேன்.