தாழ்வாரத்தில் நடந்தவர் தெருவில் ஏன் நடக்கவில்லை?

இதய அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புவதற்கு முன், நோயாளிகள் பலருக்கு ஆறு நிமிட நடைச் சோதனை செய்கிறோம். முப்பது மீட்டர் நீளமுள்ள சமதளத் தாழ்வாரத்தில் அவர் தம்மால் இயன்ற வேகத்தில் போய்த் திரும்பிக்கொண்டிருப்பார். எத்தனை மீட்டர் நடந்தார் என்பதை நாங்கள் குறித்துக்கொள்வோம். மாட வீதியை ஒட்டிய சந்தொன்றில் வசிக்கும் 68 வயது அம்மையார் ஒருவர் அச்சோதனையில் 320 மீட்டர் நடந்தார். அவருடைய நிலைக்கு அது நல்ல அளவே. நாள்தோறும் அரைமணி நேரம் நடக்குமாறு எழுதிக்கொடுத்து அனுப்பினோம். ஆறு வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தபோது, கூடியிருக்க வேண்டிய அளவு 290ஆகக் குறைந்திருந்தது.

மருந்தை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன். "மருந்தெல்லாம் வேளைக்குப் போட்டுக்கொள்கிறேன், தம்பி. நடக்கத்தான் இடமில்லை. சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி வருகிறேன், தலைதான் சுற்றுகிறது" என்றார்.

அடுத்த ஞாயிறன்று அவர் மகனுடன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, அவர் வீட்டிலிருந்து நாகேசுவரராவ் பூங்கா வரை நடந்து பார்த்தேன். (அமிர்தாஞ்சனம் தந்தவரின் பெயர் தாங்கிய பூங்காவுக்குப் போய்ச் சேருவதற்குள் கால்வலி வந்துவிடுவது ஒரு வேடிக்கைதான்.) இந்தியச் சாலைக் குழுமத்தின் 2012ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, நடைபாதையில் தடையற்ற அகலம் 1.8 மீட்டருக்குக் குறையலாகாது. இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடப்பதற்கு வேண்டிய இடம் அது. விளிம்பின் உயரமும் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நாங்கள் சென்ற வழியில் ஓரிடத்தில் விளிம்பு 24 சென்டிமீட்டர் இருந்தது. நெஞ்செலும்பு இன்னும் முழுதாகக் கூடாத ஒருவருக்கு, பிடிமானமின்றி ஏறும் அப்படி சிறிய செயலன்று. இன்னோரிடத்தில் மின்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே எஞ்சியது 60 சென்டிமீட்டர். அங்கே எல்லாரும் சாலையில் இறங்கித்தான் நடக்கிறார்கள். அம்மையார் அதற்கு அஞ்சி வீட்டிலேயே இருந்துவிட்டார்.

தெருக்களை மதிப்பிடும் முறையில் இங்கேதான் ஒரு பிழை இருப்பதாகக் கருதுகிறேன். ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள், எத்தனை பாதசாரிகள் என்று எண்ணுகிறோம். அஞ்சி வீட்டுக்குள் இருப்பவர் அந்த எண்ணிக்கையில் இடம்பெறுவதில்லை. முதியோர் எவரும் நடக்காத தெருவில் முதியோருக்கான வசதி தேவையில்லை என்று கணக்கு சொல்லிவிடும். பசியில்லாதவர் உண்பதில்லை என்பது போலவே விழுங்க முடியாதவரும் உண்பதில்லை. இரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் மருத்துவர் உண்டா?

சாலையைக் கடக்கும் நேரமும் அவ்வாறே. மனிதர் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. அதன்படி 14 மீட்டர் அகலச் சாலைக்குப் பன்னிரண்டு நொடி போதும். மேற்சொன்ன அம்மையாரின் வேகம் ஏறத்தாழ 0.8 மீட்டர், அவருக்குப் பதினேழு நொடிக்கு மேல் வேண்டும். அந்த ஐந்தாறு நொடியும் அவர் நடுச்சாலையில் நின்றாக வேண்டும்.

மிதிவண்டி பற்றியும் சொல்ல வேண்டும். முழங்கால் தேய்மானத்துக்கு அதைவிட இதமான பயிற்சி அரிது. எங்கள் பிரிவிலேயே நிலைத்த மிதிவண்டி இருக்கிறது. வீட்டிலுள்ள சைக்கிளை ஓட்டலாமா என்று கேட்போருக்கு, முழங்காலைக் கருதி ஆம் என்கிறேன். சாலையை எண்ணித் தயங்குகிறேன்.

வழி தெரியாமல் இந்த நிலை வந்ததன்று. 2014இலேயே சென்னை மாநகராட்சி மோட்டார் சாராப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 விழுக்காட்டை நடைக்கும் மிதிவண்டிக்கும் ஒதுக்க வேண்டும் என்று வகுத்தது. 2019 நவம்பரில் திறக்கப்பட்ட தியாகராய நகர் பாண்டி பஜார் நடைவளாகம் என்ன செய்ய முடியும் என்பதைக் காட்டுகிறது: அகன்ற சமதளமும் உட்கார இருக்கைகளும் அங்கே உண்டு. ஆயினும் நம் அம்மையார் ஆட்டோ பிடித்துப் போய் நடக்கும் இடமாக அது இருப்பதில் எனக்கு மனநிறைவில்லை. பெருவீதி ஒன்றை அழகாக்குவதைவிட, பத்துச் சந்துகளின் முனையில் சரிவுப்பாதை அமைப்பது நோயாளிக்கு உதவும்.

கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த வழக்கில்தான், 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் பாதசாரிகளின் நடைபாதை உரிமையை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையோடு சேர்த்துரைத்தது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தத்தக்கதாக அது இருக்க வேண்டும் என்றும் கூறியது. முறிந்த எலும்புகளை நாள்தோறும் காணும் ஒருவர் அவ்வழக்கைத் தொடுத்ததில் வியப்பில்லை.

நடைபாதைக் கடைகளை அகற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்போருடன் நான் உடன்படுவதில்லை. வடக்கு மாட வீதியில் பூக்கட்டும் பெண்மணி மயங்கியவருக்கு முக்காலி எடுத்துப் போடுவார். நிறுத்தி வைத்த இருசக்கர வண்டி அதைச் செய்யாது. இட அளவை ஒழுங்குபடுத்தினால் அவரும் இருக்கலாம், நாமும் நடக்கலாம்.

அடுத்த முறை வரும்போது உங்கள் பயிற்சி அட்டையின் பின்புறத்தில் மூன்றைக் குறித்து வாருங்கள்: எங்கே சாலையில் இறங்க நேர்ந்தது, எந்தப் படி ஏற முடியவில்லை, எங்கே உட்கார இடம் தேவைப்பட்டது. மாநகராட்சியின் 1913 எண்ணில் முறையிட உடன் வருபவர் உதவலாம். குறிப்பிட்ட இடமும் அளவும் சொல்லப்பட்ட முறையீட்டைத் தட்டிக்கழிப்பது கடினம்.

நம் மருத்துவமனை வாயிலையும் அன்றே அளந்தேன். சரிவுப்பாதை இருக்கிறது. அதன் குறுக்கே நான்கு வண்டிகள் நின்றிருந்தன. அவற்றில் ஒன்று எங்கள் பிரிவைச் சேர்ந்தவருடையது; மற்ற மூன்றும் நோயாளிகளைப் பார்க்க வந்தவர்களுடையவை.