ஒரிஜினல் பக்கத்துல இருக்கணும் பாஸ்!

நாளைக்கு ரெக்கார்டு நோட் சப்மிஷன். ராத்திரி ஹாஸ்டல் ரூமில் உட்கார்ந்து காப்பி அடிக்கிறீங்க. ஃப்ரெண்ட் எழுதின 0.05, உங்க நோட்டில் 0.5 ஆகுது. உங்களைப் பார்த்து எழுதினவனுக்கு 5! வைவாவில் ரெண்டு பேரும் காலி.

இதே காப்பி வேலையைத்தான் உங்க உடம்பும் இந்த நிமிஷம் பண்ணிக்கிட்டிருக்கு. ஒரு செல் ரெண்டாகப் பிரியறதுக்கு முன்னாடி டி.என்.ஏ. முழுசையும் காப்பி எடுத்தாகணும். ஏ, டி, ஜி, சி-ன்னு நாலே எழுத்துதான். ஆனா, மொத்தம் சுமார் 600 கோடி ஜோடி! அதை ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் முடிச்சிடும்.

எப்படி? முறுக்கின ஏணி மாதிரி இருக்கிற டி.என்.ஏ-வை ஹெலிகேஸ் என்கிற என்சைம் ஜிப் மாதிரி பிரிச்சுவிடும். பாலிமரேஸ் என்கிற இன்னொரு என்சைம், ரெண்டு பழைய இழைக்கும் எதிரே ஏ-வுக்கு டி, ஜி-க்கு சி என்று ஜோடி சேர்க்கும். முடிவில் ரெண்டு டி.என்.ஏ. ஒவ்வொண்ணிலும் ஒரு இழை பழசு, ஒரு இழை புதுசு. அமெரிக்காவின் கால்டெக்கில் இதை நிரூபிச்சு, 1958-ல் வெளியிட்ட மெசல்சனுக்கும் ஸ்டாலுக்கும் அப்போ 30 வயசுகூட ஆகலை!

சரி, பாலிமரேஸ் தப்பே பண்ணாதா? பண்ணும். சுமார் லட்சம் எழுத்துக்கு ஒண்ணு. அப்படியே விட்டா, ஒவ்வொரு புது செல்லுக்கும் 60,000 தப்பு. அதனால எழுதின கையோட அதுவே திரும்பிப் பார்த்து, தப்பை அழிச்சுட்டு எழுதும். அதிலும் தப்பிச்சதைப் பிடிக்க, பின்னாடியே ஒரு ரிப்பேர் டீம் வரும். ஜோடி பொருந்தலைன்னா எதை மாத்துறது? பழைய இழையை நம்பு, புதுசைத் திருத்து. அவ்வளவுதான் ரூல்! கடைசியில் மிஞ்சுறது, நூறு கோடி எழுத்துக்கு ஒரு தப்பு என்கிற அளவுக்குத்தான். இந்த ரிப்பேரை விளக்கின பால் மோட்ரிச்சுக்கு 2015-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைச்சது.

அந்த டீம் படுத்துட்டா? சிலருக்குப் பிறவியிலேயே அந்த ஜீன்களில் கோளாறு இருக்கும். 'லின்ச் சிண்ட்ரோம்' என்று பெயர். இளம் வயசிலேயே குடல் புற்றுநோய் வரும் ஆபத்து இவங்களுக்கு அதிகம். உங்க வீட்டில் ஒண்ணுக்கு மேற்பட்டவங்களுக்கு, அதுவும் 50 வயசுக்குள்ளே, இந்த நோய் வந்திருந்தா டாக்டர்கிட்டே மறைக்காம சொல்லுங்க. பயப்பட வேண்டாம். ஜீன் டெஸ்ட்டும் தவறாத செக்கப்பும் இருந்தா முன்கூட்டியே பிடிச்சிடலாம்.

அப்புறம் அந்த ரெக்கார்டு நோட்... ஒரிஜினலைத் திருப்பிக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஒத்துப் பார்த்துடுங்க!