கள்ளுக்கு ஒரு நாள் ஆயுசு

போன ஞாயித்துக்கிழமை கறவை மாடு ஒண்ணு பாக்கலாம்னு பங்காளியும் நானும் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போயிருந்தோம். பொள்ளாச்சியில இருந்து கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினா கேரளா. மண்ணு அதேதான், தென்னையும் அதேதான், பேச்சும் நிறைய பேருக்குத் தமிழ்தான். மாடு விலை படியலை. வெயிலு வேற. வழியில இருந்த கள்ளுக்கடைக்குள்ள நுழைஞ்சோம்.

ஓட்டுக் கட்டடம், நாலு பெஞ்சு. "வாங்கண்ணா, உக்காருங்க"ன்னார் கடைக்காரர். கள்ளு, கப்பைக்கிழங்கு, மத்தி மீன் கொழம்பு. ரெண்டு பேருக்கும் சேர்த்து 500 ரூபாய்க்குள்ள முடிஞ்சது. எதிர் பெஞ்சுல இருந்த பெரியவர், "இது காலையில நான் எறக்குனதுங்க"ன்னார். எந்தத் தோப்புன்னும் சொன்னார். பேச்சுக் கொடுத்தா, ஆளு எங்க பக்கத்து ஊரு! செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் மரமேறினா குத்தம். அந்தப் பக்கம் அதே வேலைக்குக் கூலியும் உண்டு, மரியாதையும் உண்டு.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு ஒயின் ஷாப்னா என்ன ஞாபகம் வரும்? கம்பி வலை, அதுக்குள்ள ஒரு கை, வாங்கினதும் இடுப்புல சொருகிட்டு நடையைக் கட்டுற கூட்டம். அந்தப் பாட்டில் எங்கே காய்ச்சினது, யார் காய்ச்சினதுன்னு விக்கிறவருக்கும் தெரியாது, குடிக்கிறவருக்கும் தெரியாது. கள்ளு அப்படிக் கிடையாது. பாளையைக் கட்டி, தட்டி, காலையும் சாயங்காலமும் சீவி விட்டா சொட்டுச் சொட்டா பானையில எறங்கும். பானைக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாம விட்டா கள்ளு. காலையில இனிப்பா இருக்கிறது சாயங்காலம் புளிச்சுக் கடுப்பேறும், அப்புறம் காடிதான். ரொம்ப தூரம் அனுப்பவும் முடியாது, அடுக்கி வைக்கவும் முடியாது. அதனால மரம், ஏறுறவர், கடை, குடிக்கிறவர் எல்லாம் பக்கத்துப் பக்கத்துலயே இருந்தாகணும். அந்தக் கடையோட சிநேகத்துக்குக் காரணம் இதுதான்னு எனக்குத் தோணுது. காசும் ஊருக்குள்ளயே சுத்தும்: தோப்புக்காரருக்கு மர வாடகை, ஏறுறவருக்குக் கூலி. கேரளாவுல கள்ளுத் தொழிலாளிகளுக்கு 1969லேயே சேமநிதிச் சட்டம் போட்டுட்டாங்க.

நம்ம ஊர்ல 1987ல இருந்து கள்ளுக்குத் தடை. 2003ல சில்லறை மதுக்கடையை அரசே ஏத்து நடத்த ஆரம்பிச்சது. பனைதான் நம்ம மாநில மரம். அதுல எறங்குற கள்ளு மட்டும் குத்தம். 2017ல நீராவுக்கு அனுமதி வந்துச்சு. நல்லதுதான். ஆனா அது புளிக்காம இருக்கக் குளிர்ப்பெட்டி வேணும், முதல் வேணும். நாலு ஏக்கர்க்காரன் எங்க போறது?

கேரளாவுல எல்லாம் சுத்தம்னு சொல்ல வரலைங்க. மரத்துல எறங்குறதை விட விக்கிறது அதிகமானா, நடுவுல மருந்தும் பொடியும் கலந்துதான் கணக்கு நேராகும். அந்தக் கலப்படம் அங்கேயும் பிடிபட்டிருக்கு. அதனால என் யோசனை இதுதான்: பெரிய ஏலம் வேண்டாம். மரத்துக்கு நம்பர் போட்டு, எறக்கின தோப்புலயே அன்னன்னைக்கே விக்க விடுங்க. எத்தனை மரமோ அத்தனை கள்ளு, அவ்வளவுதான்.

வீட்டுல இதைச் சொன்னேன். "கள்ளுன்னாலும் குடி குடிதான்"னா வீட்டுக்காரி. மறுக்க முடியலை. குடிச்சே அழிஞ்ச குடும்பத்தை அவளும் பார்த்திருக்கா, நானும் பார்த்திருக்கேன். ஆனா தடை போட்டு யாரும் குடிக்காம இருக்கலையே, பாட்டிலுக்குத்தானே மாறினாங்க?

வேர்வாடல் நோய் வந்து எங்க தோப்புல இந்த வருசம் 11 மரம் வெட்டியாச்சு. மிச்சத்துல காய் போடவே ஆள் தேடுறேன். அந்தப் பெரியவரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "அங்கே பாளை சீவுறதை விட்டுட்டு இங்கே வந்து என்னங்க பண்றது?"ன்னார். பதில் சொல்லத் தெரியாம, இன்னொரு குப்பி சொன்னேன்.